கப்பலுக்கு அடியில் நின்று பார்த்தவர்கள் வாருங்கள்: டிரை டாக் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர், தூத்துக்குடி

முப்பது வருடம் கப்பலோடு குடித்தனம் நடத்தினாலும் அதன் அடிவயிற்றைப் பார்க்கக் கிடைப்பது டிரை டாக்கில் மட்டும்தான். கப்பலை உள்ளே விட்டு, வாசலை மூடி, தண்ணீரை இறைத்துவிடும் பள்ளம் அது. சரக்குக் கப்பல் என்றால் ஐந்து வருடத்துக்குள் குறைந்தது இரண்டு தடவை அடிப்பாகத்தைச் சோதித்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. கப்பலுக்கு ரொம்ப வயதாகவில்லை என்றால், அதில் ஒன்றைத் தண்ணீருக்குள் முக்குளிப்பவரைக் கேமராவோடு இறக்கி முடித்துக்கொள்ள கிளாஸ்காரர்கள், அதாவது கப்பலைச் சோதித்துத் தகுதிச் சான்று தருபவர்கள், சம்மதிப்பார்கள். இன்னொன்றுக்குக் கப்பல் தரையில் உட்கார்ந்தே தீர வேண்டும்.

என் கதை பாட்டம் பிளக் பற்றியது. கப்பலின் அடித்தகட்டில் ஒவ்வொரு டாங்குக்கும் ஒரு துளை, அதில் ஒரு திருகு. பம்ப் உறிஞ்ச முடியாமல் டாங்கில் தங்கும் கடைசித் தண்ணீரை டாக்கில் வடிப்பதற்குத்தான் அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். கழற்றியதும் டாங்கின் பெயரை எழுதி ஒரு அட்டையைக் கட்டி, சீஃப் ஆபீசர் தன் கேபினில் பூட்டி வைக்க வேண்டும். டாக்கில் தண்ணீர் விடுவதற்கு முன் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பூட்டி, மேலே சிமெண்ட் பூச வேண்டும். இதில் மட்டும் யாரையும் நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

அந்தத் தடவை 14 பிளக் கழற்றினோம். கட்டிலுக்குக் கீழே கித்தான் பையில் வைத்திருந்தேன். தண்ணீர் விடும் நாள் காலையில் பையைக் கவிழ்த்து எண்ணினால் 13. நாலாம் நம்பர் ஸ்டார்போர்டு (வலப்பக்க) டாங்கின் அட்டை இருக்கிறது, பிளக் இல்லை. தண்ணீர் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம்.

மீதியை ராத்திரி எழுதுகிறேன். பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும். அதுவரை நீங்கள் சொல்லுங்கள்.

யார்டு தொழிலாளி, சிங்கப்பூரில் எட்டு வருடம், இப்போது புதுக்கோட்டை

அண்ணாச்சி, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்களே.

நான் போனது செம்பவாங்குக்கு. அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒரு பழைய டாக் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் போர்க்கப்பல்களுக்காகக் கட்டி 1938இல் திறந்தது, ஆயிரம் அடி நீளம். 1968இல் கடற்படைத் தளத்தை அவர்கள் ஒப்படைத்த பிறகு வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கும் யார்டாகிவிட்டது. முதல் நாள் அதன் படிக்கட்டில் இறங்கும்போது, ஊரில் ஊருணி வெட்டிய காலத்தில் பள்ளத்துக்குள் இறங்கிய ஞாபகம்தான் வந்தது. பள்ளத்துக்கு நடுவில் மட்டும் ஒரு ஊரே நிற்கிறது.

என் வேலை அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வது. கான்கிரீட் கட்டை, அதன் மேல் மரக்கட்டை, அதன் மேல் கப்பல். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான கட்டைகள். இடையில் தலையைக் குனிந்தபடி நடக்க வேண்டும். மேலே தகட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கழுத்தில் விழும். வாடையைச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வடிந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பாசியும் கொட்டலசும் வெயிலில் செத்து, மீன் மார்க்கெட்டைக் கழுவாமல் ஒரு வாரம் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். கொட்டலசு தெரியாதவர்களுக்கு: பாறையிலும் படகிலும் கல் பல் மாதிரி ஒட்டிக்கொண்டு, காலை வைத்தால் கிழித்துவிடுமே, அதுதான்.

பெயிண்ட் நன்றாக இருந்தால் கொட்டலசு அவ்வளவாக ஏறாது. முன்பெல்லாம் வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் அடித்தார்கள். கொட்டலசை நன்றாகவே கொன்றது, கூடவே துறைமுகத்துச் சங்கையும் சிப்பியையும் கெடுத்தது. 2008இலிருந்து உலகம் முழுக்கத் தடை. இப்போது பெரும்பாலும் செம்புக் கலவை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு எண்ணெய்க் கப்பல். அடிப்பாகம் முழுக்கப் பரவாயில்லை, வழவழவென்று இருக்கிறது. ஆனால் நடுக்கோட்டில் ஒரே அளவில் சதுரம் சதுரமாகக் கொட்டலசு, யாரோ அளவெடுத்துப் பாத்தி கட்டி நட்டது போல. எனக்குப் புரியவில்லை. கூட இருந்த வங்காளதேசத்து அண்ணன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: போன தடவை கட்டை இருந்த இடம்டா தம்பி. கட்டை மேல் கப்பல் உட்கார்ந்திருக்கும்போது அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்க முடியாதல்லவா? அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கட்டை வரிசையை மாற்றி அடுக்க வேண்டும். நாங்களும் அந்தத் தடவை கட்டையைத் தள்ளித்தான் வைத்திருந்தோம், பழைய சதுரம் எல்லாம் வெளியே தெரிந்தது. நாங்கள் விட்டுவைத்த சதுரம் எந்த ஊர் டாக்கில் யார் கண்ணில் பட்டதோ.

மோட்டார்மேன், ராமநாதபுரம்

எல்லோரும் பெரிய விஷயமாக எழுதுகிறீர்கள். கக்கூஸைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்கில் கப்பல் கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள், கீழே ஆள் வேலை செய்கிறான் இல்லையா. ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு கலக்கினால் கேபினிலிருந்து இறங்கி, கேங்வே வழியாகப் போய், யார்டு ஓரத்துக் கக்கூஸுக்கு நடக்க வேண்டும். ஹெல்மெட், பூட்ஸ் போடாமல் போனால் செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவான். கடல் தண்ணீர் இல்லாததால் ஏசியும் ஓடாது. இருபது நாள்.

டெக் கேடட்

ஒரு சந்தேகம் சார். கப்பல் டாக்குக்குள் வரும்போது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சமமாக இருந்தால் நல்லதுதானே?

செகண்ட் இன்ஜினியர், நாகர்கோவில்

தம்பி, இது டெக் ஆட்கள் பாடம், இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். தண்ணீரை இறைக்க இறைக்க, பின்பக்கம் முதலில் கட்டையைத் தொடும். தொட்ட நொடியிலிருந்து கப்பலின் எடையில் ஒரு பங்கைக் கட்டை தாங்குகிறது. அடியிலிருந்து அப்படி ஒரு விசை மேல்நோக்கித் தள்ளும்போது, சாய்ந்தால் நிமிரும் சக்தி கப்பலுக்குக் குறைந்துகொண்டே வரும். கப்பல் முழு நீளமும் கட்டையில் படிகிற வரைக்கும் இந்தக் கண்டம் உண்டு. படிந்ததும் பக்கக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருந்தால் கண்டம் நீளும். அதனால் கொஞ்சமாக, கணக்குப் போட்ட அளவுக்குத்தான். பக்கவாட்டுச் சாய்வு கூடவே கூடாது. டாங்கில் அரைகுறையாகத் தண்ணீர் தளும்புவதும் கூடாது. நிரப்பு, இல்லை காலி செய்.

டாக்கில் நிற்கும் கப்பல் சாயாது என்று நினைக்காதே. 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் பெட்ரல் என்ற ஆய்வுக் கப்பல் டிரை டாக்கிலேயே ஒரு பக்கமாகச் சரிந்தது. முப்பது பேருக்கு மேல் காயம். கடலடியில் கிடந்த இண்டியானாபோலிஸ் போர்க்கப்பலை 2017இல் தேடிக் கண்டுபிடித்ததே அந்தக் கப்பல்தான்.

என் அனுபவமும் ஒன்று. எங்கள் கப்பலில் ஸ்டெர்ன் டியூப் சீலிலிருந்து, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கப்பலைவிட்டு வெளியே வரும் இடத்து அடைப்பிலிருந்து, எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. ஆறு மாதமாக டாங்கில் எண்ணெய் மட்டம் இறங்குகிறது, ஊற்றுகிறோம், இறங்குகிறது. கம்பெனியில் சீல் பழசு என்றார்கள், சீஃப் இன்ஜினியர் ஷாஃப்ட்டில்தான் கோளாறு என்றார். டாக்கில் ரோப் கார்டு தகட்டை (கயிறு, வலை சீலுக்குள் போகாமல் தடுக்கும் மூடி) வெட்டி எடுத்ததும் உள்ளேயிருந்து வந்தது ஒரு கை அளவு நைலான் மீன்வலை. ப்ரொப்பெல்லர் சுற்றும் வேகத்தில் உருகி, இறுகி, கருப்புக் கண்ணாடி வளையம் போல சீலுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. நரம்பு நரம்பாகச் சில இழைகள் மட்டும் பச்சை நிறம் மாறாமல். நான் மீனவக் குடும்பம். எங்கள் வீட்டுத் திண்ணையில் அதே பச்சையில் வலை பின்னியவன். கூட இருந்தவர்கள் வலைக்காரனைத் திட்டினார்கள். வலையை இழந்தவன் அன்றைக்கு எங்களை என்ன திட்டியிருப்பான் என்றுதான் எனக்கு ஓடியது.

அப்புறம், டாக்கில் தண்ணீர் விடும் நேரம். இன்ஜின் ரூமில் ஒவ்வொரு கடல் வால்வுக்கும் ஒரு ஆள், கையில் டார்ச். சீ செஸ்ட் (கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் அடிப்பெட்டி) மூழ்கும் மட்டம் வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கசிகிறதா பார், பார்த்துச் சொல். எல்லோரும் சரி என்று சொன்ன பிறகுதான் மீதித் தண்ணீர். அந்தப் பத்து நிமிடம் இன்ஜின் ரூமில் சத்தமே இருக்காது. வருடம் முழுக்க இரைச்சலில் கிடப்பவனுக்கு அந்த அமைதிதான் பயம்.

தோணிக் குடும்பத்தவர், தூத்துக்குடி

என்னுடையது டிரை டாக் கதை இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா தோணிக்குக் கலப்பத்து அடிப்பவர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத் தோணிகள். கரையேற்றி, பலகை இடுக்கில் கிடக்கும் பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்து எடுத்துவிட்டு, புதுப் பஞ்சைத் திரித்து உளியால் அடித்து இறக்குவார். அதன் மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். நீங்கள் வெளியே தண்ணீரை விட்டு உள்ளே பார்க்கிறீர்கள். தாத்தா தலைகீழ். தோணிக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, எந்த இடுக்கு வியர்க்கிறது என்று பார்ப்பார். வியர்த்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. என்னிடம் ஒரு தடவை கரியைக் கொடுத்தார். உற்சாகத்தில் காய்ந்த இடத்தில் எல்லாம் கோடு போட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க ஆட்கள் நல்ல இடுக்கையெல்லாம் நோண்டிப் பார்த்தார்கள்.

யார்டு தொழிலாளி, புதுக்கோட்டை

அண்ணாச்சி, டியூஷன் இன்னுமா முடியவில்லை? பதினாலாவது பிளக்?

ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர், தூத்துக்குடி

வந்துவிட்டேன்.

கேபினைப் புரட்டிப் போட்டேன், இல்லை. கப்பலின் அடிப்பாக வரைபடமான டாக்கிங் பிளானைச் சுருட்டிக்கொண்டு, டெக் ஆட்களின் மேஸ்திரியான போசனோடு கீழே இறங்கினேன். துளை இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பார்த்து டார்ச் அடித்தால், துளையே இல்லை. புதுச் சிவப்புப் பெயிண்ட், பளபளவென்று. இரண்டு தடவை பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். போசன்தான் விரலால் தடவிக்கொண்டே போய், "சார், இங்கே குழி இருக்கு" என்றார். உளி வைத்துப் பெயிண்டைத் தட்டி எடுத்தால், உள்ளே பிளக்!

விஷயம் இதுதான். முந்தின நாள் நான் யார்டு மீட்டிங்கில் இருந்தேன். ஃபோர்மன் கப்பலுக்கு வந்து, அந்தப் பிளக்கின் மரை கெட்டிருக்கிறது, சரி செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் சாவியை வைத்திருந்த தேர்ட் ஆபீசர் எடுத்துக் கொடுத்துவிட்டார். சின்னப் பையன், நல்ல பையன். என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். மரையைச் சரி செய்தவன், துளையிலேயே அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாயங்காலம் பெயிண்ட்காரர்கள் வந்து மேலோடு அடித்துவிட்டார்கள். சிமெண்டும் கிடையாது.

பிளக் சாவியைப் பொருத்தி இரண்டு விரலால் தொட்டேன். சுற்றியது. இரண்டரைச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. வாஷர் இல்லை.

கப்பல் ஒன்றும் மூழ்கியிருக்காது, அது கப்பலின் சமநிலைக்குத் தண்ணீர் நிரப்பும் பாலாஸ்ட் டாங்க்தான். ஆனால் நாகர்கோவில் தம்பி சொன்னாரே, கட்டையிலிருந்து கிளம்பும் நேரத்தில் சாய்வு கூடாது என்று. காலி என்று எழுதி வைத்திருக்கும் ஒரு பக்கத்து டாங்கில் நமக்குத் தெரியாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கேடட் தம்பியே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வாஷர் தேடிப் பொருத்தி, மற்ற பதின்மூன்றையும் பூட்டி, சிமெண்ட் பூசி அது இறுகுவதற்குள் கடல் ஏற்றம் தப்பிவிட்டது. டாக் வாசல் மேல் ஆழம் போதாது என்று டாக் மாஸ்டர் கையை விரித்துவிட்டார். அடுத்த ஏற்றம் நடுராத்திரிக்குத்தான். தேர்ட் ஆபீசர் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. போசன்தான் தட்டில் சோறு எடுத்துக்கொண்டு போய் அவன் கேபின் கதவைத் தட்டினார்.