100 கேவிஏ மின்மாற்றி: இழப்பு விவரங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி

வணக்கம். தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் அரிசி ஆலைக்கு 11 கேவி (11,000 வோல்ட்) இணைப்பில் 100 கேவிஏ திறனுள்ள மின்மாற்றி வாங்கவிருக்கிறோம். வந்துள்ள இரண்டு விலைப்புள்ளிகளிலும் 11,000/433 வோல்ட், சுருள் இணைப்பு முறை டிஒய்என் 11, இம்பீடன்ஸ் (மின்மாற்றி தானே மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) 4.5 விழுக்காடு என்று ஒரே விவரங்கள்தான் உள்ளன. விலையும் ஏறத்தாழ ஒன்றே. முதலாவதில் நோ-லோட் இழப்பு 150 வாட், லோட் இழப்பு 1,300 வாட். இரண்டாவதில் 100 வாட், 1,500 வாட். கூட்டிப் பார்த்தால் முதலாவதே சிக்கனமாகத் தெரிகிறது. இது சரியா? 415 வோல்ட் மோட்டார்களுக்கு 433 வோல்ட் எதற்கு என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இரண்டையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. நோ-லோட் இழப்பு என்பது இரும்பு உள்ளகத்தில் ஏற்படுவது. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், மின்மாற்றிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை மாறாமல் இருக்கும். லோட் இழப்போ சுருள்களில் ஏற்படுவது, சுமையின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. விலைப்புள்ளியில் தரப்படுவது முழுச் சுமைக்கான அளவு என்பதால், பாதிச் சுமையில் அதில் கால் பங்கே வீணாகும். அப்படிக் கணக்கிட்டால் 50 விழுக்காடு சுமையில் இரண்டு மின்மாற்றிகளுக்கும் மொத்த இழப்பு 475 வாட்தான். அதற்குக் கீழே இரண்டாவதும், அதற்கு மேலே முதலாவதும் சிக்கனம்.

மின்மாற்றிகளுக்கான இந்தியத் தரநிலையான 2014ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1180 முதல் பகுதி, 50 மற்றும் 100 விழுக்காடு சுமைகளில் மொத்த இழப்புக்குத்தான் வரம்பு வைக்கிறது. 100 கேவிஏவுக்கு அதன் ஆற்றல் திறன் இரண்டாம் நிலை வரம்பு முறையே 475 வாட், 1,650 வாட். உங்கள் இரண்டு விலைப்புள்ளிகளும் அதற்குள் அடங்குகின்றன. ஆகவே தரநிலையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆலை எவ்வளவு நேரம், எந்தச் சுமையில் ஓடும்?

மறுமொழி 2

433 வோல்ட் என்பது சுமையில்லாத நிலையில் கிடைக்கும் மின்னழுத்தம். சுமை ஏறும்போது மின்மாற்றிக்குள்ளும் கேபிளிலும் ஏற்படும் வீழ்ச்சிக்குப் பிறகு மோட்டார் முனையில் 415 வோல்ட் அளவில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

4.5 விழுக்காடு இம்பீடன்ஸையும் கவனியுங்கள். தாழ்வழுத்தப் பக்கத்தின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 133 ஆம்பியர்; அதை 0.045ஆல் வகுத்தால், முனையிலேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது 2,960 ஆம்பியர் வரை பாயக்கூடும் என்று தெரியும். பிரேக்கரின் துண்டிப்புத் திறன் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. டிஒய்என் 11 என்பதில் உயரழுத்தச் சுருள் டெல்டா, தாழ்வழுத்தச் சுருள் நியூட்ரல் வெளியே எடுக்கப்பட்ட ஸ்டார், உங்களுக்கு ஏற்றதே.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அறுவடையை ஒட்டி நான்கு மாதங்கள், நாளொன்றுக்கு 16 மணி நேரம், சுமார் 80 விழுக்காடு சுமையில் ஓடும். மற்ற நேரங்களில் காவலர் அறை விளக்கும் ஒரு சிறு பம்பும் மட்டுமே.

மறுமொழி 1

அப்படியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,920 மணி நேரம் 80 விழுக்காடு சுமை. அந்த நேரத்தில் முதலாவது மின்மாற்றி 78 வாட் குறைவாக வீணாக்கும். அதனால் மிச்சம் 150 யூனிட். எஞ்சிய 6,840 மணி நேரத்தில் இரண்டாவது 50 வாட் குறைவாக வீணாக்கும். மிச்சம் 342 யூனிட். ஆகவே உங்களுக்கு இரண்டாவதே நல்லது, ஆண்டுக்கு 190 யூனிட் அளவுக்கு.

ஆனால் பருவமில்லாத மாதங்களில் உயரழுத்தப் பக்கத்தையே துண்டித்துவிட முடியுமானால் கணக்கு தலைகீழாகி, முதலாவது முந்திவிடும். விளக்கும் பம்பும் தேவை என்கிறீர்கள். எனவே இரண்டாவதையே வாங்குங்கள். இரண்டு இழப்புகளும் தனித்தனியாக, லோட் இழப்பு 75 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தி, சோதனைச் சான்றிதழில் வர வேண்டும் என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.