மறு: குடும்ப நீளாயுள் எண்ட சொல் சரியா?

உவர்மலையிலிருந்து ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நெடுநாள் வாழுற வீட்டுப் பிள்ளையளின்ர தைரொயிட் ஓமோன் பற்றின பக்கத்தை மொழிபெயர்க்கிற தங்கச்சி, அதில வாற familial longevity எண்டதுக்கு வச்ச தமிழ்ச்சொல் சரியா எண்டு கேட்டிருந்தா. கேட்ட உடனே பதில் எழுதாததுக்குக் காரணம், சொல்லு லேசில பிடிபடேல்லை. சில வீடுகளில கூடப்பிறந்தவை ரெண்டு மூண்டு பேர் தொண்ணூறைத் தாண்டியும் நடமாடுவினம் எல்லோ, அதுக்கு "குடும்ப நீளாயுள்" எண்டு போட்டிருந்தீங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா "குடும்பம்" எனக்கு இடிக்குது.

ஏனெண்டா இந்த விசயத்தைத் துலக்கினது நெதர்லாந்தில லைடன் நகரத்து ஆய்வு. 421 குடும்பம் எடுத்தவை, ஒவ்வொண்டிலயும் ஆம்பிளையெண்டா 89, பொம்பிளையெண்டா 91 வயசாவது ஆன சகோதரங்கள் ரெண்டு பேராவது உயிரோட இருக்கோணும். பிறகு அவையின்ர பிள்ளையளையும் அந்தப் பிள்ளையள் கட்டின ஆக்களையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தவை. ஒரே வீடு, ஒரே சமையல், கிட்டத்தட்ட ஒரே வயசு, பிறந்த வழி மட்டும் வேற. எங்கட ஊரில "அவன் இப்ப குடும்பக்காரன்" எண்டா கலியாணம் முடிச்சிட்டான் எண்டுதான் கருத்து. அப்ப ஒப்பிட்டுப் பாக்கவெண்டு வெளியில நிறுத்தின மருமக்களையே இந்தச் சொல்லு உள்ளுக்கு இழுத்துப் போடுது. அதால "வழிநீளாயுள்" எண்டு வைப்பமா? தாய்வழி, தேப்பன்வழி எண்டுறம்தானே, அந்த வழி.

மூதூர்த் தம்பி:

ரீச்சர், எழுத்தில சரி, வாயால சொல்லேக்க எங்கட ஆக்களுக்கு ழகரம் ளகரமாத்தான் வரும். வளிமண்டலம் படிச்ச பிள்ளை "வளிநீளாயுள்" எண்டு கேட்டால் நல்ல காத்தைச் சுவாசிச்சு நெடுநாள் இருக்கிறது எண்டுதான் நினைக்கும். "குடி நீளாயுள்" எண்டால் என்ன? இல்லாட்டி "இரத்தவழி"?

அதோட இன்னொண்டு, போன கிழமை வேறொரு அண்ணை, கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி மெதுவா வேலை செய்யிறதாலதான் ஆயுள் கூடுது எண்ட கருத்தில "மந்தத் தைரொயிட் ஆயுள்" எண்டு எழுதினவர், அதையும் பட்டியலில சேக்கிறதா?

ரீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்ன வளி எனக்குத் தோணவே இல்லை, சொன்னது நல்லதாப் போச்சு. "குடி" வேண்டாம், எங்கட கிழக்கில குடி தாயால வாறது, ஆயுள் தேப்பன் பக்கத்தாலயும் வரும். "இரத்தவழி"யும் வேண்டாம், இஞ்ச அளக்கிற ஓமோன் எல்லாம் இரத்தத்திலதான் ஓடுது, வாசிக்கிற ஆள் குழம்பிப் போகும்.

மந்தத்தை மட்டும் தயவுசெய்து சேக்காதேங்கோ, இதை நான் மன்றாட்டமாவே கேக்கிறன். லைடன்காரர் 2010இல வெளியிட்டதில அந்தப் பிள்ளையளுக்கு தைரொயிட் சுரக்கிற ஓமோன்களான ரி3யும் ரி4யும் கட்டின ஆக்களை விடக் கொஞ்சம் குறைவுதான், ஆனா அந்தக் கொஞ்சம் சரியான கொஞ்சம், ஒரு ஆளின்ர ரிப்போட்டைத் தனிய எடுத்துப் பாத்தால் வித்தியாசமே தெரியாது. அதுக்கு முதல் 2009இல அமெரிக்காவில, அஷ்கெனாசி யூதரில நூறு வயசுக்காரரைப் பாத்தவைக்கு ரி.எஸ்.எச், அதாவது தைரொயிட்டைத் தூண்டிவிடுற ஓமோன், கூட எண்டு வந்தது. 2015இல லைடனில திரும்பவும் 24 மணித்தியாலம் விடாமல் இரத்தம் எடுத்துப் பாக்கேக்க, அந்தப் பிள்ளையளின்ர மூளைக்கு அடியில இருக்கிற கபச்சுரப்பி ரி.எஸ்.எச்சைக் கூடச் சுரக்குது, ஆனா தைரொயிட் ஓமோன்ர அளவு மற்றவையின்ரதைப் போலத்தான். மேல இருந்து தூண்டுறது கூட, கீழ அளவு அப்பிடியே, இதை மந்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

எனக்கு ஏன் இவ்வளவு பதட்டமெண்டா, எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா, தைரொயிட் குறைஞ்சா ஆயுள் கூடுமாம் எண்டு போனில ஆரோ அனுப்பினதை வாசிச்சுப்போட்டுக் காலமைக் குளிசையை விட்டிட்டா, ஒரு மாசத்தில முகம் ஊதி, தொண்டை கரகரத்து, சித்திரை வெயிலிலயும் குளிருது எண்டு போர்த்துக்கொண்டு இருந்தவ. நான்தான் கூட்டிக்கொண்டு கிளினிக் போனனான். உண்மையிலயே சுரப்பி வேலை செய்யாத ஆளுக்குக் குளிசைதான் உயிர், நல்ல சுகமா இருக்கிற கிழவனுக்கு ரி.எஸ்.எச் ஒரு புள்ளி ஏறியிருக்கிறது வேற கதை. நாங்கள் வைக்கிற பேர் அந்த ரெண்டையும் ஒண்டாக்கிப் போடக்கூடாது, அதால பேரில தைரொயிட்டே வேண்டாம் எண்டுறன், அது ஆயுளுக்குக் காரணமா, இல்லாட்டி கூட வாற ஒரு அடையாளமா எண்டது இன்னும் முடிஞ்ச விசயம் இல்லை.

இரவு யோசிச்சு வந்தது "கொடிவழி நீளாயுள்". கொடிவழி எண்டு வம்சத்தைச் சொல்லுறது பழைய வழக்கம், கோயில் வழக்குகளில, காணி உறுதிப் பிரச்சினையில இப்பவும் கொடிவழி கீறிக் காட்டச் சொல்லுறவை. கொடியில வேர் ஒண்டு, கிளை பல, கட்டின ஆள் பக்கத்துக் கொடி. தம்பி, சத்தமாச் சொல்லிப் பாருங்கோ, ளகரமா வந்தாலும் முன்னுக்குக் கொடி நிக்கிறதால காத்து எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம்.

வசனத்தில வச்சும் பாத்தனான்: "கொடிவழி நீளாயுள் உள்ள வீட்டுப் பிள்ளைகளில் ரி.எஸ்.எச் சுரப்பு கூடுதலாக உள்ளது." எனக்கு ஓடுது. தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்கிற பக்கத்தில போட்டு வாசிச்சுப் பாத்து, இடறினால் எந்த இடத்தில எண்டு எழுதுங்கோ.