கிட்டாரில் மாற்று ட்யூனிங்: எந்தக் கம்பியை எவ்வளவு இறக்கினால் என்ன ஆகும்? வாசிப்பவர்கள் பகிரும் அனுபவங்கள்

அக்கூஸ்டிக் வாசிப்பவர்:

புதிதாக முயல்பவர்கள் டிராப் டி-யில் தொடங்குவதுதான் நல்லது. வழக்கமான ஸ்டாண்டர்ட் ட்யூனிங் ஆறாவதிலிருந்து முதலாவது வரை இ-ஏ-டி-ஜி-பி-இ. அதில் தடித்த ஆறாவது கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் போதும். ட்யூனர் கையில் இல்லை என்றாலும் காதே போதும். நான்காவது கம்பியைத் திறந்து மீட்டுங்கள், ஆறாவதில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேர் மேலே விரலை அழுத்தாமல் ஒட்டவைத்து மீட்டி, மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எடுங்கள். இரண்டும் ஒரே சுரமாக வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் ஒலி அலையலையாக அடிக்கும். அந்த அலை மெதுவாகி நிற்கும் இடம்தான் சரியான டி.

இறக்கும்போது டி-யிலேயே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். இறங்கிவந்து நின்றால் ட்யூனிங் கீயின் பல்சக்கரத்தில் தளர்வு மிச்சமிருக்கும், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளத்திலும் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். நாலு முறை பலமாக மீட்டியதும் ஸ்ருதி நழுவும். கீயைத் திருப்பும்போது நட்டில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் பள்ளம் கம்பியைக் கடிக்கிறது. கம்பியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தில் பென்சில் முனையால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிராப் டி-யிலிருந்து டாட்காட் (டி-ஏ-டி-ஜி-ஏ-டி) இரண்டு கம்பி தூரம்தான். இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும் முதலாவதை இ-யிலிருந்து டி-க்கும் இறக்க வேண்டும். ஐந்தாவதன் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் இரண்டாவதோடு பொருந்தணும், நான்காவதன் ஹார்மோனிக் முதலாவதோடு. பிரிட்டிஷ் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கினார். மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தேடியதில் இது அமைந்ததாகச் சொல்வார்கள். பிரெஞ்சு கிட்டார் கலைஞர் பியர் பென்சுசான் இதையே தன் நிரந்தர ட்யூனிங்காக வைத்துக்கொண்டார்.

இதில் மேஜரா மைனரா என்று சொல்லும் மூன்றாம் சுரம் திறந்த கம்பிகளில் இல்லை. அதுதான் இதன் அழகு. கைக்கு உடனே வரும் மூன்று பிடிகள்: மூன்றாவது கம்பியில் 2-ஆம் ஃப்ரெட்டை மட்டும் பிடித்தால் ஆறு கம்பியும் டி-யும் ஏ-யுமாக முழங்கும். ஆறாவதில் 5-ஆம் ஃப்ரெட், மற்றவை திறந்தபடி இருந்தால் ஜி-யை அடியாகக் கொண்ட பிடி. ஆறாவதை விட்டுவிட்டு ஐந்தாவதைத் திறந்து, நான்காவதிலும் மூன்றாவதிலும் 2-ஆம் ஃப்ரெட்டைப் பிடித்தால் ஏ. பழைய கார்ட் வடிவங்களை இங்கே கொண்டுவந்து பொருத்தப் பார்ப்பவர்கள்தான் ரெண்டே நாளில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஒற்றை விரல், இரட்டை விரல் பிடிகளோடு திறந்த கம்பிகளை ஒலிக்க விடுங்கள்.

ரிப்பேர் பட்டறையிலிருந்து:

“ட்யூனிங் மாற்றியதும் கிட்டார் இரைகிறது, கிட்டார் கெட்டுப்போச்சு” என்று கொண்டுவருகிறார்கள். கெட்டுப்போனது ஒன்றுமில்லை. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அரை ஸ்வரம் இறக்கினால் சுமார் 11 சதவீதம் குறையும். முழு ஸ்வரம் இறக்கினால் 21 சதவீதம். இ-யிலிருந்து சி-க்குப் போனால் 37 சதவீதம் போய்விடும். 12-53 செட்டில் (முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன், ஆறாவது 53 பங்கு) ஆறாவது கம்பி இ-யில் ஏறக்குறைய 26 பவுண்டு இழுக்கிறது. டி-யில் அது 21-க்கும், சி-யில் 16-17-க்கும் வந்துவிடும். அந்தத் தொய்வில் கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் அடிக்கிறது. பலமாக மீட்டினால் தொடக்கத்தில் ஸ்ருதி கூடிப்போய் பிறகு இறங்குகிறது. ட்யூனரில் முள் நடுவில் நின்றும் பாட்டில் பிசிறடிக்கும் காரணம் இதுதான். எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில் மீட்டித்தான் ட்யூன் செய்யவேண்டும்.

ஒரு ட்யூனிங்கிலேயே தங்கப் போகிறீர்கள் என்றால் தடித்த கம்பி போடுங்கள். கணக்கு எளிது. முழு ஸ்வரம் இறங்கினால் தடிமனை 1.12-ஆல் பெருக்குங்கள், இரண்டு முழு ஸ்வரத்துக்கு 1.26-ஆல். 53 போட்ட இடத்தில் டி-க்கு 59, சி-க்கு 66 அல்லது 68. இப்படிப் போட்டால் இழுவிசை பழைய அளவுக்கே வந்துவிடும். ஆனால் 53-க்கு அறுத்த நட் பள்ளத்தில் 66 இறங்காது, மேலேயே உட்காரும். முதல் ஃப்ரெட்டில் கம்பி உயர்ந்து, அழுத்தினால் ஸ்ருதி கூடும். பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தணும். அகலப்படுத்திய பிறகு பழைய மெல்லிய கம்பிக்குத் திரும்பினால் அது பள்ளத்தில் ஆடி இரையும். அதனால் அறுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். கழற்றக்கூடிய நட் என்றால் மாற்று ட்யூனிங்குக்கு இன்னொரு நட் செய்து வைத்துக்கொள்வதுதான் என் சிபாரிசு.

மெல்லிய கம்பியோடேயே இறக்கி வாசிப்பவர்களுக்கு: மொத்த இழுவிசை குறைந்தால் கழுத்து நிமிரும். முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) மாட்டி, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு 7-8-ஆம் ஃப்ரெட்டின் மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 மி.மீ. சுற்றி இருந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்து, பிறகு அளங்கள். ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். இரைச்சல் வரும் இடமே நோயைச் சொல்லிவிடும். திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட் பள்ளம். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் கழுத்து நிமிர்ந்திருக்கிறது. 12-க்கு மேலே என்றால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில் தாழ்வு.

ஸ்லைடு வாசிப்பவர்:

கம்பியை அழுத்தாமல் மேலே ஒரு குழாயை வழுக்கி வாசிப்பதுதான் ஸ்லைடு. அதற்கு ஏற்ற ஓப்பன் ட்யூனிங் என்றால், திறந்த கம்பிகளை மீட்டினாலே ஒரு கார்ட் ஒலிக்கும். ஓப்பன் ஜி-க்கு (டி-ஜி-டி-ஜி-பி-டி) ஆறாவது, ஐந்தாவது, முதலாவது மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கணும். நடுவில் மூன்று கம்பியைத் தொடவே வேண்டாம். கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் ஹவாயின் ஸ்லாக் கீ பாணியில் அதிகம் புழங்கும் ட்யூனிங்கும் இதுதான். 1830-களில் மெக்சிகோவிலிருந்து வந்த மாடு மேய்ப்பவர்கள் மூலமாகக் கிட்டார் அங்கே நுழைந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியில் இதை வாசிக்கிறார். அது அலங்காரத்துக்குச் செய்தது அல்ல. ஆறாவது டி-யாக இருக்கும்போது ஜி கார்டின் மூலச்சுரம் ஐந்தாவதில்தான் வருகிறது. வேகமாக மீட்டும்போது அடியில் டி முழங்கினால் கார்ட் குழம்பும்.

ஓப்பன் டி (டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி) வேண்டுமென்றால் டாட்காட்டிலிருந்து மூன்றாவதை மட்டும் அரை ஸ்வரம் இறக்குங்கள். ஓப்பன் இ, ஓப்பன் ஏ இரண்டையும் அக்கூஸ்டிக்கில் செய்யவே செய்யாதீர்கள். அவற்றில் மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டியிருக்கும், முழு ஸ்வரம் ஏற்றும் ஒவ்வொரு கம்பியிலும் இழுவிசை 26 சதவீதம் கூடும். பிரிட்ஜ் ஒட்டு விடுவதும் அதன் பின்னால் மேல்பலகை புடைப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஓப்பன் டி-யில் 2-ஆம் ஃப்ரெட்டில் கேபோ போட்டால் அது ஓப்பன் இ. ஓப்பன் ஜி-யில் அதையே செய்தால் ஓப்பன் ஏ. கழுத்துக்கும் பிரிட்ஜுக்கும் எந்தச் சுமையும் இல்லை.

ட்யூனர் ‘சரி’ என்று பச்சை காட்டியும் ஓப்பன் ட்யூனிங் கொஞ்சம் கரகரப்பாக ஒலிப்பதற்குக் காரணம் மூன்றாம் சுரம். ட்யூனர் சொல்லும் மேஜர் மூன்றாம் சுரம் இயல்பான சுரத்தைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) அதிகம். ஓப்பன் டி-யில் மூன்றாவது கம்பியையும் ஓப்பன் ஜி-யில் இரண்டாவதையும் ட்யூனர் காட்டுவதற்கு 10 முதல் 14 சென்ட் வரை கீழே வையுங்கள். ஸ்லைடில் வித்தியாசம் உடனே தெரியும், கார்ட் தேன் மாதிரி இறங்கும். அதே கம்பியில் விரலால் அழுத்தி வேறு கார்டின் மூலச்சுரத்தைப் பிடித்தால் தாழ்ந்து கேட்கும். அப்படி வாசிப்பவர்கள் 5 சென்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்லைடு ஃப்ரெட்டுக்குப் பின்னால் நிற்கக்கூடாது, ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கணும். முதல் கம்பி 13-க்குக் குறைந்தால் ஸ்லைடின் எடையிலேயே ஃப்ரெட்டில் போய் இடிக்கும்.

எலெக்ட்ரிக் வாசிப்பவர்:

மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இதெல்லாம் வேறு கதை. ஆறாவதை டி-க்கு இறக்கினால் மற்ற ஐந்தும் மேலே ஏறும். ஒருபக்கம் கம்பிகள், இன்னொருபக்கம் ஸ்பிரிங்குகள், நடுவில் பிரிட்ஜ் என்று சமநிலையில் நிற்கும் அமைப்பு அது. கம்பிப்பக்கம் தளர்ந்ததும் ஸ்பிரிங் பிரிட்ஜைத் தன்பக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு கம்பியையும் மூன்று நான்கு சுற்று மாற்றி மாற்றி ட்யூன் செய்தால்தான் நிற்கும். மேலே கம்பிகளைப் பூட்டும் லாக்கிங் நட் இருந்தால் பிரிட்ஜில் உள்ள ஃபைன் ட்யூனரால் (நுண் திருகு) முழு ஸ்வரம் போக முடியாது, நட்டைத் திறந்தே ஆகணும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு மாற்ற இது ஆகாது.

வழி என்னவென்றால், பின்மூடியைக் கழற்றி, டிரெமோலோ பிளாக்குக்கும் (பிரிட்ஜின் அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டிய உலோகக் கட்டி) ஸ்பிரிங் இருக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் அளவாகச் சீவிய ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். பிரிட்ஜ் பின்னால் சாயாது, முன்பக்கம் மட்டும் அழுத்தலாம். அதன் பிறகு எந்தக் கம்பியை இறக்கினாலும் மற்றவை பெரும்பாலும் அசையாது. ஃப்ளாய்ட் ரோஸ் என்ற வகை மிதக்கும் பிரிட்ஜில் மாட்டி, ஆறாவதை நொடியில் டி-க்கு இறக்கும் டி-டியூனா கருவியும் இப்படி நிறுத்திய பிரிட்ஜில்தான் வேலை செய்யும். எல்லாக் கம்பியையும் சேர்த்து அரை ஸ்வரம் இறக்கி நிரந்தரமாக வாசிக்கிறவர்கள் கட்டை வைக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சமமாகத் தளர்த்தி பிரிட்ஜை மட்டமாக்கினால் போதும்.

கர்நாடக இசை வாசிப்பவர்:

டாட்காட்டைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குப் பழகியதுபோல் தோன்றக் காரணம் இருக்கிறது. மேற்கத்திய வயலினை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வாசிப்பது இங்கே வழக்கம். டி-யை ஸட்ஜமாக வைத்தால் டாட்காட் ஸ-ப-ஸ-ம-ப-ஸ. சும்மா மீட்டினாலே ஸ்ருதி நிற்கும். டி என்றால் 2 கட்டை. கேபோ 2-இல் 3 கட்டை, 3-இல் 4 கட்டை, 4-இல் நாலரை, 5-இல் 5 கட்டை. பாடுகிறவருக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது மூன்றாவது கம்பி. அது சுத்த மத்யமம். கல்யாணி வாசிக்கும்போது கை தவறி அது திறந்து ஒலித்தால் ராகமே கலைந்துவிடும். அதை அரை ஸ்வரம் இறக்கினால் அந்தர காந்தாரம். கல்யாணி, மோகனம், ஹம்ஸத்வனி மூன்றுக்கும் ஒத்துப்போகும். முழு ஸ்வரம் இறக்கி எஃப்-இல் வைத்தால் சாதாரண காந்தாரம். கரகரப்ரியாவுக்கும் ஆபேரிக்கும் அது.

பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு டாட்காட் உதவாது, ஏ கம்பிகள் இரண்டும் இடறும். ஆபோகி, ஸ்ரீரஞ்சனி என்றால் மேலே ஸ்லைடு நண்பர் சொன்ன ஓப்பன் ஜி-யை அப்படியே எடுங்கள். டி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் அது ஸ-ம-ஸ-ம-த-ஸ, தைவதம் சதுஸ்ருதி. ஹிந்தோளத்துக்கு இரண்டாவதை மட்டும் இன்னும் அரை ஸ்வரம் இறக்கி பி ஃப்ளாட்டில் வையுங்கள், சுத்த தைவதம் கிடைக்கும். ஆனால் ஆறு கம்பியையும் ஒருசேர வருடாதீர்கள். காது ஜி-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டு க்ரஹபேதம் (ஸட்ஜம் இடம்மாறி வேறு ராகமாகக் கேட்பது) ஆகிவிடும். ஆறாவதையும் நான்காவதையும் மட்டும் ஸ்ருதிக்குத் தொடுங்கள்.

ட்யூனிங் குறித்து வைப்பவர்:

கண்டுபிடித்த ட்யூனிங்கை எழுதிவைக்க கனடியப் பாடகி ஜோனி மிட்செல் பயன்படுத்திய முறைதான் சிறந்தது. சிறுவயதில் வந்த போலியோவால் இடது கை பலவீனமானதில், அவர் பல ட்யூனிங்குகளை நாடினார். ஆறாவது கம்பியின் சுரத்தை எழுதி, பிறகு ஒவ்வொரு கம்பியிலும் எந்த ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் திறந்த சுரம் வரும் என்ற எண்ணை வரிசையாக எழுத வேண்டும். ஸ்டாண்டர்ட் என்றால் இ 5-5-5-4-5. டாட்காட் டி 7-5-5-2-5. ஓப்பன் ஜி டி 5-7-5-4-3. ஓப்பன் டி டி 7-5-4-3-5. ட்யூனர் இல்லாமலே இந்த எண்களை வைத்துக் கம்பியைச் சேர்த்துவிடலாம். எண்கள் ஒன்றாக இருந்தால் விரல் வடிவமும் ஒன்று என்று உடனே புரியும்.

நைலான் கம்பிக்காரர்:

நைலானில் இறக்கிய கம்பி சில நிமிடங்களுக்குத் தானாக மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆறாவதை டி-க்கு வைப்பவர்கள் கொஞ்சம் தாழ்வாக நிறுத்தி, இரண்டாவது பாட்டுக்கு முன் மறுபடி சரிபார்ப்பது உத்தமம். கிளிப் ட்யூனர் ‘கிட்டார்’ மோடில் இருந்தால் பக்கத்து ஸ்டாண்டர்ட் சுரத்தையே தேடிக்கொண்டிருக்கும். எல்லா அரை ஸ்வரங்களையும் காட்டும் குரோமாட்டிக் மோடில் போட்டு வையுங்கள்.

அக்கூஸ்டிக் வாசிப்பவர்:

வீட்டில் இரண்டாவது கிட்டார் சும்மா கிடந்தால் அதில் நாஷ்வில் ட்யூனிங் போட்டுப் பாருங்கள். சுரப்பெயர்கள் ஸ்டாண்டர்டேதான், ஆனால் 6, 5, 4, 3 நான்கு கம்பிகளும் ஒரு ஸ்தாயி மேலே. 12 கம்பி செட் வாங்கினால் அதிலுள்ள மெல்லிய கம்பிகளே போதும். ஏறக்குறைய 27, 18, 12, 9, அப்புறம் வழக்கமான இரண்டு. அறுவது பெரும்பாலும் அந்த 9 கம்பிதான், ஜி-க்கு அது ஏறும்போது. உபரியாக இரண்டு வாங்கி வையுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள்.