"எனக்கு ஒண்ணும் இல்லை" என்பவரோடு வாழ்வது: எங்கள் அனுபவங்கள்

என் கணவருக்கு பைபோலார், அதாவது மனம் சில நாள் ஒரேயடியாக ஏறி, சில நாள் ஒரேயடியாக இறங்கிப்போகும் மனநோய். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவரவே நான்கு வருடம் ஆயிற்று. சில வாரங்கள் இரண்டு மணி நேரம்தான் தூங்குவார். விடிய விடியப் பேச்சு, புதுப்புதுத் திட்டம், கையிருப்பெல்லாம் கரையும். அப்புறம் ஒரு மாதம் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். "டாக்டர்கிட்ட போகலாமா?" என்றால், "எனக்குப் பைத்தியம்னு சொல்றியா?" என்பார். என் வாய் அடைத்துப் போகும்.

நான் செய்த பெரிய தப்பு, வாதாடியதுதான். அவர் செய்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி, முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் பேசவில்லை.

கடைசியில் நான் மட்டும் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். நோயாளி வராவிட்டாலும் வீட்டில் இருப்பவர் போய் யோசனை கேட்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அங்கேதான் 'அனோசோக்னோசியா' என்ற சொல்லைக் கேட்டேன். 1914-ல் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். பக்கவாதத்தில் கை விழுந்த பிறகும் தன் கை செயலிழந்ததை உணராதவர்களைப் பார்த்து வைத்தது. தீவிர மனநோயிலும் பலருக்கு இப்படித் தன் நோய் தனக்கே தெரியாமல் போகுமாம். மறுப்பவர் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பயமும் வெட்கமும் உண்டு. ஆனால் அவர் அடம்பிடிக்கிறார் என்று எனக்கிருந்த கோபம் அன்று பாதி இறங்கியது.

பிறகு நோய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் அவரே, "தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். "தூக்கத்துக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாமா?" என்றேன். "நீயும் உள்ள வரணும்" என்றார். போனோம். இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நடுவில் ஒருமுறை தானாகவே மாத்திரையை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

*

என் மனைவிக்குக் குரல்கள் கேட்கும். ஒருமுறை டாக்டரைப் பார்த்தவள், அப்புறம் மாத்திரையைத் தொடவில்லை. உறவினர் பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். நான் சமைத்ததை ஒரு மாதம் தொடவில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இப்போது, "எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குதுன்னா எவ்வளவு பயமா இருக்கும்" என்று மட்டும் சொல்கிறேன். இன்னும் டாக்டரிடம் வரவில்லை. ஆனால் ராத்திரி பயந்தால் என்னை எழுப்புகிறாள்.

*

சாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னவர் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை அன்றிரவே மீறினேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டு, இருவருமாக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை. மறுபடி அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

முதலில் எழுதிய அக்காவுக்கு ஒரு கேள்வி: நீங்கள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்ததை அவரிடம் சொன்னீர்களா?

*

சொன்னேன்மா, ஆறு மாதம் கழித்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.