பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, பாட்டு மட்டும் வருகிறது. எப்படி?

வைகைக்கரை_செந்தில்:
அப்பாவுக்கு 62 வயது. போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். காலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "அது... அது..." என்று திணறி, எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் நேற்று அம்மா விளக்கேற்றிப் பாடும்போது கூடவே நாலு வரி தடங்கலே இல்லாமல் பாடினார்! சொந்தக்காரர்கள் அவர் எதிரிலேயே "புத்தி தடுமாறிவிட்டது" என்கிறார்கள், கேட்கவே வயிறு எரிகிறது. இடது பக்கம் அடைத்தால் வலது கை ஏன் விழ வேண்டும்? பேச முடியாதவர் எப்படிப் பாடுகிறார்?

பிசியோ_கலா:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி. கை காலை அசைக்கச் சொல்லும் நரம்பிழைகள் பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி வந்து, முகுளத்தின் அடியில், தண்டுவடம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் வலது கைக்கு உத்தரவு இடது மூளையிலிருந்துதான் போகிறது. அப்பாவின் முகத்தைக் கவனியுங்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் இரண்டு புருவத்தையும் உயர்த்த முடிகிறதா? நெற்றித் தசைக்கு மட்டும் மூளையின் இரு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருவதால் அது பொதுவாகத் தப்பித்துவிடும்.

பேச்சுப்பயிற்சி_நான்சி:
புத்தி தடுமாறவில்லை, அதை முதலில் உறவினர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்றொரு நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது, ஆனால் கேட்பது பெரும்பாலும் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்மடலில் சிதைவு இருந்தது. அந்தப் பகுதியைத்தான் இன்றும் புரோக்கா பகுதி என்கிறோம். சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், அதை வாய்ச் சொல்லாகக் கோத்து வெளியே கொண்டுவருவதுதான் சிக்கல். அப்பாவின் எரிச்சலும் அதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன், தான் திணறுவது அவருக்கே தெரிகிறது. 1874இல் வெர்னிக்கே என்பவர் இதற்கு நேர்மாறானதை விவரித்தார்: இடது பொட்டு மடலின் (காதையொட்டிய மூளைப் பகுதியின்) பின்பகுதி பாதித்தவர்கள் சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது.

பாட்டு விஷயம்: மெட்டைக் கையாள்வதில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு, அது அப்பாவுக்கு நன்றாக இருக்கிறது. கூடவே பல வருடம் பாடி ஊறிப்போன வரிகள், ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமை சொல்வது இதெல்லாம் புதிதாக வாக்கியம் அமைப்பதைப் போல உழைப்புக் கேட்பதில்லை. இதில் மெட்டுக்கு எவ்வளவு பங்கு, தாளத்துக்கும் மனப்பாடத்துக்கும் எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியும், பாடுகிறார் என்பதால் நாளைக்கே பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வைகைக்கரை_செந்தில்:
ரொம்ப நன்றி அக்கா. புருவம் இரண்டும் உயர்கிறது, இப்போதுதான் பார்த்தேன். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பேச்சுப்பயிற்சி_நான்சி:
"தண்ணி வேணும்" மாதிரி அன்றாடத்துக்கு வேண்டிய சின்ன வாக்கியத்தை எடுத்து, இழுத்து ராகம்போல் சொல்லி, அப்பாவின் இடது கையைப் பிடித்து ஒவ்வோர் அசைக்கும் மேசையில் தட்டவையுங்கள். அவர் சேர்ந்து சொல்ல ஆரம்பித்ததும் உங்கள் குரலை மெல்லக் குறையுங்கள், ராகத்தை அப்புறம் குறைக்கலாம். இது 1970களில் அமெரிக்காவில் உருவான முறை. பயிற்சியாளர் ஒருவரை அருகில் வைத்துத் தொடங்குவது நல்லது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம் தெரியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், வார்த்தையை நீங்களே எடுத்துக்கொடுக்க வேண்டாம். "தண்ணியா, காப்பியா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் பதில் சொல்ல எளிது.

பிசியோ_கலா:
இன்னொன்று, இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம், பக்கவாதம் திரும்ப வரலாம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, நாக்குக் குழறினாலோ மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.