மறு: களிமண் கொல்லை, நடுகுழியில் நிற்கும் நீர் – ‘குழித்தேக்கம்’ சரிவருமா?

> ‘பாத்டப் எஃபெக்ட்’ என்பதற்குத் ‘தொட்டி விளைவு’ போதாதா? எளிதாக இருக்கிறதே.

ஐயா, வணக்கம்.

களிமண்ணில் வெட்டி நிரப்பிய நடுகுழியில் மழைநீர் வெளியேறாமல் நிற்பதைத்தான் ‘பாத்டப் எஃபெக்ட்’ என்கிறார்கள். அதற்குத் ‘தொட்டி விளைவு’ எளிதுதான். ஆனால் தோட்டக்காரருக்குத் தொட்டி என்றால் செடி வைக்கும் மண்தொட்டி, சிமெண்டுத் தொட்டி. ‘தொட்டி விளைவால் பப்பாளி பட்டுப்போனது’ என்று எழுதினால், மாடியில் தொட்டியில் வைத்த பப்பாளி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நடப்பது என்ன என்று பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறைப் பழைய தெருக்களில் வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும். கொல்லை குறுகலாக நீண்டு போகும். வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் களிமண் கெட்டி என்று இரண்டடிக் குழி வெட்டி, செம்மண், மணல், எரு கலந்து நிரப்பிப் பப்பாளியோ முருங்கையோ வைக்கிறார்கள். ஆடி, ஆவணிவரை நன்றாகத் தழைக்கும். ஐப்பசி அடைமழையில் அந்த இளகிய கலவைக்குள் நீர் சட்டென்று இறங்கிவிடும். சுற்றிலும் களி, வெளியேற வழி கிடையாது. மேல்மண் காய்ந்து தெரியும்போதே அடியில் வேர் காற்றில்லாமல் அழுகும். இலை வாடுவதைப் பார்த்து வீட்டில் இன்னொரு குடம் ஊற்றுவார்கள். பப்பாளி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

‘நீர்த்தேக்கம்’ என்றால் 1934இல் கட்டி முடித்த மேட்டூர்தான் டெல்டாக்காரர் கண்ணில் நிற்கும். ‘நீர் தேங்கல்’ வயல் முழுவதற்கும் ஏற்கெனவே வழங்குகிறது. இங்கே கேடு குழியால் வருகிறது. குழி வெட்டாத இடத்தில் அதே மழைக்கு அதே செடி பிழைத்திருக்கும். ஆகவே ‘குழித்தேக்கம்’. காரணமும் இடமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

இதனோடு ஒட்டியது ‘ஸ்மியரிங்’, அதாவது வெட்டும்போது குழிச்சுவர் தேய்ந்து அடைபடுவது. அதற்கு இன்னொரு அன்பர் ‘பூச்சு’ என்றார். ஈரக் களியில் மண்வெட்டி இறங்கினால் வெட்டிய முகம் வழவழவென்று மின்னும். மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். பூச்சு என்றால் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அப்புவது. நான் ‘மெழுகல்’ என்பேன். மெழுகுவதற்கும் சாணம் சேர்க்கிறோமே என்று தடை வரலாம். ஆனாலும் தேய்த்து வழவழப்பாக்கி அடைப்பதே அந்தச் சொல்லில் முன்னிற்கிறது. இன்னொரு நன்மை, அதில் குறை சொல்லும் தொனி இல்லை. நெல் வயலில் இதையே வேண்டுமென்று செய்கிறோம்: சேறடித்துத் துளைகளை அடைத்தால்தான் நீர் கீழிறங்காமல் நிற்கும். வயலுக்கு உதவுவது கொல்லையில் செடியைக் கொல்கிறது. இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் சொல்தான் வேண்டும்.

இந்தச் சொற்களுக்கு எழுதும் விளக்கக் குறிப்பில் பரிகாரமும் இடம்பெற வேண்டும் என்பது என் வலுவான கருத்து. மண் கையில் பிசுபிசுக்காத பதத்தில் குழி வெட்டுவது. மெழுகிய சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடுவது. வெட்டியெடுத்த களியையே கொஞ்சம் மக்கிய எருவோடு சேர்த்துத் திரும்ப நிரப்புவது. முருங்கை, பப்பாளிக்குக் குழியே வேண்டாம், மேட்டில் நடலாம். ஐயம் இருந்தால் வெறுங்குழியில் நீர் ஊற்றி மறுநாள் காலை பார்த்தாலே தெரிந்துவிடும். களியில் மணலைக் கொஞ்சமாகக் கலப்பது மட்டும் கூடாது. இறுகிச் செங்கல்போல ஆகிவிடும்.

பொதுச்சுவரை ஒட்டிக் குழி வெட்டுவதைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். நம் களியில் மாண்ட்மொரில்லொனைட் என்ற களிக் கனிமம் மிகுதி. அதன் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவருக்கு அடித்தளம் ஆழமில்லாவிட்டால், குழித்தேக்கம் பக்கத்து வீட்டுச் சுவரிலும் விரிசலாகத் தெரியும்.