எலும்புக்கூட்டுக்குத் தோல் போர்த்த உதவுங்கள்

நண்பர்களே, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு முன்புறத்தில் அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காக அலங்காரமாக ஒரு சிறு மயானம் அமைத்துவருகிறேன். ஃபோம் பலகையில் கல்லறைக் கற்கள் வெட்டியாயிற்று. ஒன்றில் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும், அதிலிருந்த கரைப்பான் ஃபோமை அரித்துவிட்டது. அந்த அரிப்பே நூறாண்டுப் பழமையைத் தந்தது. எனக்கு மிகவும் பிடித்த கல் அதுதான்!

சிக்கல் எலும்புக்கூட்டில். பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடு காட்டினால் அது சுருங்கி, உலர்ந்த தோல் போலாகிவிடும். எனக்கோ விலா எலும்புகளுக்கு இடையே தாள் முழுவதும் உருகிப்போகிறது. எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்? தாளை எத்தனை அடுக்கு சுற்ற வேண்டும்? மேலே பூசும் மரச்சாயம் மழையில் வழியாதிருக்க என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.